நிலம் நடுவில்தான் பிளந்தது

அன்புள்ள மகளுக்கு,

நீ துலூஸுக்குப் போய் ஒரு கிழமை ஆகப்போகிறது. உன் அறையின் யன்னல் தெருப்பக்கமா, முற்றப்பக்கமா என்று அம்மா விசாரித்தாள். என்னிடமல்ல, தொலைபேசியில் திரான்சியில் இருக்கிற சித்தியிடம், எனக்கும் கேட்கும்படியாக. என்னோடு அவளுடைய பேச்சு இன்னும் "சாப்பாடு மேசையிலை இருக்கு" என்பதோடு நிற்கிறது. ஆகையால் நான் பெரும்பாலும் என் வீடியோக் கடையிலேயே இருந்துவிடுகிறேன். இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோ கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை எனக்கு வேலை இல்லை. வெளியே மழை. பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் வெண்டிக்காய்ப் பெட்டிகளை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கிறது.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடப் போகிறேன். உன் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. ஆனாலும் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான இந்த லாச்சப்பலில் பலருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். "அந்தப் பிள்ளை பிழையான கணக்குக் காட்டிப் பட்டம் எடுத்ததாம், இப்ப பிடிபட்டுப் போச்சாம்" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். உன்னை யாரும் பிடிக்கவில்லை. நீயாகப் போய்ச் சொன்னாய். அந்த வித்தியாசம் ஒரு இடத்திலாவது எழுத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அவசரமாகத் தாண்டிப் போக உன்னால் முடியாது. அது எனக்கு நல்லது.

நீ நிலவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா, "உது கல்லுப் பொறுக்கிற படிப்பே?" என்று கேட்டாள். நீ கல் பொறுக்கவில்லை. என்னைப் போலவே நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்தாய். ஒரு கண்டம் இரண்டு பக்கமும் இழுபட்டு, மெலிந்து, கடைசியில் எந்த இடத்தில் பிளந்து நடுவே கடல் வரும் என்பதைக் கணினிக்குள் செய்து பார்ப்பது உன் வேலை. ஒருநாள் கார்ஜில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா ரொட்டிக்குக் குழைத்து வைத்த மாவில் ஒரு துண்டை எடுத்து இழுத்துக் காட்டினாய். "மேலை இருக்கிற பாறை பிஸ்கட் மாதிரி உடையும் அப்பா. கீழை சூடு, அது இந்த மா மாதிரி இழுபடும். ரெண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கேக்கை எங்கை உடையும் எண்டதுதான் கேள்வி." பாதியைப் பிரெஞ்சில்தான் சொன்னாய். என் மனதில் தமிழாகத்தான் நிற்கிறது. நான் என் வழக்கப்படி, "எங்களை மாதிரித்தான், இழுபட்டுப் பிரிஞ்சு, ஒரு பகுதி அங்கை, ஒரு பகுதி இஞ்சை" என்று தொடங்கினேன். நீ மாவைத் தட்டில் போட்டுவிட்டாய். "அப்பா, அது கல்லு. எல்லாத்தையும் எங்கடை கதையாக்காதேங்கோ." அன்றோடு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்திலும் பேச மாட்டேன்.

அழகாக்குவது என் தொழில். உனக்குத் தெரியும். நீ ஆறோ ஏழோ வயதில் இந்தக் கடைக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்து, ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் நான் கோயில் மணிச் சத்தம் சேர்ப்பதைப் பார்த்தாய். "அந்த மண்டபத்திலை மணி இருக்கேல்லையே அப்பா" என்றாய். "இருந்தால் வடிவாயிருக்கும் எல்லே?" என்றேன். "ஆனா இருக்கேல்லையே" என்று நீ விடவில்லை. மாமனும் மச்சானும் சண்டை பிடிப்பதை வெட்டி எறிவேன், அழுது வீங்கிய முகத்துக்கு வெளிச்சம் கூட்டுவேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சனம் அதற்குத்தான் என்னிடம் வருகிறது. உன் வேலை அப்படிப்பட்டதல்ல என்பது மட்டும் எனக்கு விளங்கியிருந்தது.

பட்டத்துக்கான உன் ஆய்வை நடுவர்களுக்கு முன்னால் வைத்த நாளில் அம்மா பட்டுச்சேலை கட்டி, ஒரு பெட்டி பற்றிஸ் பலகாரத்தோடு முன்வரிசையில் இருந்தாள். நிலம் நேர்நடுவில் பிளப்பதில்லை என்று நீ காட்டினாய். பிளவு மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துபோய், ஒரு கரையை அகலமாகவும் மற்றக் கரையை ஒடுக்கமாகவும் விட்டுவிட்டுத்தான் உடைகிறது என்றாய். நடுவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து கைகொடுத்தார். எலொடி பின்வரிசையில் இருந்து கைதட்டினாள். உனக்குப் பிறகு அதே ஆய்வுகூடத்தில் சேர்ந்த பிரெத்தாஞ் பக்கத்துப் பிள்ளை. உன் முடிவை எடுத்து, அதன்மேல் தன் ஆய்வைக் கட்டிக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டில் இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகி, அம்மாவை "அம்மா" என்றே கூப்பிட்டவள். அம்மா அவளுக்குச் சம்பல் கட்டிக் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

பட்டம் கிடைத்த பிறகும் ஒப்பந்தத்தில் அங்கேயே வேலை செய்தாய். நிரந்தர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாய். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்ச்சங்கம் பொண்டியில் மண்டபம் எடுத்து உனக்கு ஒரு பாராட்டு விழா வைக்கத் தீர்மானித்தது. நீ வேண்டாம் என்றாய். நான்தான் ஆசைப்பட்டேன். நிலம் பிளக்கிற உன்னுடைய படத்தை மண்டபத்துப் பெரிய திரையில் ஓட விட்டு, தமிழில் விளக்கம் சொல்லி, சனத்துக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஊரில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளை நான் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருதரமாவது என்னுடைய பிள்ளையை என்று ஆசை. ஆனால் நீ தந்த படத்தைப் பெரிதாக்கினால் அது சதுரம் சதுரமாக உடைந்தது. "இதிலும் கூரான படம் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"கூராய் வேணுமெண்டால் திரும்ப ஓட்ட வேணும் அப்பா" என்றாய். கணினிக்குள் நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்குப் போடுவார்கள் என்று சொன்னாய். சதுரம் சின்னதானால் படம் கூராகும், ஆனால் கணக்குப் பல மடங்கு கூடும், நாட்கணக்கில் ஓடும். "அப்ப சின்னனாக்கன்" என்றேன். "ஒரு மண்டபத்துக்காகவோ?" என்று சிரித்தாய். பிறகு, ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கிய பெரிய கணினியின் நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வருஷக் கடைசியில் எப்படியும் வீணாகத்தான் போகும் என்று சொல்லி, எனக்காக ஓட விட்டாய்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அதைக் கொண்டுவந்தாய். லாச்சப்பல் முழுக்கச் சனம். கடைக்குள் நாங்கள் இருவர்தான். நான் பெரிய திரையில் போட்டேன். என்ன வடிவான படம் அது! மேலே மண்ணிறம், கீழே செம்மஞ்சள், ஒவ்வொரு பாறைப் படையும் தலைமயிர் நுனி மாதிரித் தெளிவாக. இரண்டு பக்கமும் இழுபட்டது. மெலிந்தது. நேர்நடுவில் பிளந்தது.

"வேறை பைலைக் கொண்டுவந்திட்டாய் போலை" என்றேன்.

"திரும்பப் போடுங்கோ" என்றாய். போட்டேன். திரும்பவும் என்றாய். மூன்றாம் தரம் நீ கதிரையில் இருந்து எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் நின்றாய். அப்போது யாரோ பாஸ்போட் படம் எடுக்க வந்து கதவைத் தட்டினார்கள். பிறகு வரச்சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது உன் முகத்தில் நான் ஒரு நாளும் காணாத ஒரு வெறுமை இருந்தது. "இதுதான் அப்பா பைல்" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்தாய். சதுரத்தின் அளவை மாற்றி, இன்னும் மாற்றி. பெரிய சதுரமானால் பிளவு ஒரு பக்கமாக நகர்ந்தது. சின்னதாக்கினால் நடுவிலேயே நின்றது. எனக்கு விளங்கும்படி நீ சொன்னது இதுதான்: ஒரு வெடிப்பு ஒரு சதுரத்தை விட ஒடுக்கமாக இருக்க முடியாது. சதுரம் பெரிதாக இருந்ததால் வெடிப்பு உண்மையில் இருக்க வேண்டியதை விடத் தடிப்பாக விழுந்து, முழு நிலத்தையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீ முதலே இதைச் சோதிக்காமல் விடவில்லை. ஒரு படி சின்னதாக்கிப் பார்த்திருந்தாய். அதிலும் அதே விடைதான் வந்தது. யாராக இருந்தாலும் நம்பித்தான் இருப்பார்கள். ஆனால் நீ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "நான் கண்டுபிடிச்சது நிலத்தை இல்லை அப்பா. என்ரை சதுரத்தை" என்றாய்.

நீ சாப்பாட்டைக் கோப்பையில் அளைந்துகொண்டு இருந்ததைப் பார்த்து அம்மா விடாமல் கேட்டாள். சொன்னாய். அம்மா கெட்டவள் இல்லை, பிள்ளை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இப்ப ஆரும் உன்னட்டைக் கேட்டவையே? கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்லுறாய்? நிரந்தர வேலை கிடைக்கட்டும். பிறகு ஆறுதலாத் திருத்து." ஓட்டலில் படுக்கை விரித்து விரித்து இடுப்பு நாரி போன மனுசி. நிரந்தரம் என்ற சொல் அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாய்.

அடுத்த கிழமை கடையைப் பூட்டிவிட்டு நீயும் நானும் ஸ்தாலின்கிராட் மெத்ரோ நிலையப் பக்கமாக நடந்தோம். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் நீ பேச்சை நிறுத்தி, அது போன பிறகு தொடர்ந்தாய். எலொடி ஒவ்வொரு கிழமையும் புதிய முடிவுகளைக் கொண்டுவந்து உனக்குக் காட்டுகிறாள் என்றாய். எல்லாம் உன்னுடையதன்மேல் கட்டியவை. அவள் சந்தோஷமாகக் காட்டும்போது நீ தலையாட்டுகிறாய். பிறகு நின்றாய். "நீங்கள் என்ன சொல்லுறியள் அப்பா?"

"சொல்லிப்போடு பிள்ளை" என்றேன்.

"முதல் அடி அவளுக்குத்தான் விழும்."

"ஓம். பிந்தினால் இன்னும் பெரிசாய் விழும்."

ஒரு ரயில் போனது. நீ தலையைக் குனிந்துகொண்டு நடந்தாய். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

நீ போய்ச் சொன்னாய். உன் பேராசிரியை கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டாராம். சில நாட்கள் தானும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நீ சொல்வது சரி என்றாராம். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த முடிவை வைத்து ஆய்வுச் சஞ்சிகையில் வந்த உன் கட்டுரையை இருவரும் சேர்ந்து திரும்பப் பெற்றீர்கள். பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. இதையும் தேநீர்க் கடையில் கதைத்தவருக்காக எழுதுகிறேன். ஆனால் நிரந்தர வேலைக்கான நேர்முகத்தில் அவர்கள் இந்தப் பிழையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லையாம். வேலை கிடைக்கவில்லை. ஒப்பந்தமும் முடிந்த இடத்தில் முடிந்தது. சரியான முடிவையாவது புதிதாக எழுதலாமே என்று நான் கேட்டேன். "நடுவிலை பிளக்கும் எண்டது எல்லாருக்கும் முதலே தெரியும் அப்பா. அதை ஆர் போடுவினம்?" என்றாய்.

எலொடியின் கதை இன்னும் மோசம். அவளுடைய ஆய்வில் பெரும்பகுதி செல்லாமல் போனது. திரும்பச் செய்ய இன்னொரு வருஷத்துக்குச் சம்பளம் கேட்டாள். கிடைக்கவில்லை. ஆய்வை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். போகும் நாளில் ஆய்வுகூடத்து நடையில் உன்னைக் கண்டு, "இதை நீ முதலே பார்த்திருக்கலாம்" என்று மட்டும் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாளாம். இதை வீட்டுக்கு வரும் டி வழி ரயிலில், வெளியே பார்த்துக்கொண்டு, நீ எனக்குச் சொன்னாய். கார்ஜ் வந்தும் நீ எழும்பவில்லை. நான்தான் உன் பையை எடுத்துக்கொண்டு உன்னை இறக்கினேன்.

சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்தார். விஷயத்தை நானே சொன்னேன். அவர், "அண்ணை, பழைய படத்தையே போடுங்கோவன். ஆர் அங்கை வந்து சதுரம் எண்ணப் போகினம்?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். முற்பணம் கட்டிய மண்டபத்தை விட முடியாது என்பதால் அந்த விழாவை, பல் வைத்தியத்துக்குப் படித்து முடித்த வேறொருவருடைய மகனுக்கு வைத்தார்கள். வீடியோவுக்கு ஏற்கனவே என்னைத்தான் பேசியிருந்தார்கள். போனேன். அந்தப் பிள்ளைக்கு மாலை போட்டதையும், தாய் கண்ணைத் துடைத்ததையும் ஒரு குறையும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். உனக்கு இதை நான் இதுவரை சொல்லவில்லை.

அம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். வீட்டுக்கு வந்து கமெராப் பையை இறக்கி வைக்க முன்னம், "உண்மை சொன்னதுக்கு ஆரும் வேலை குடுத்ததை நான் காணேல்லை" என்றாள். "பிள்ளை என்ரை சொல்லைக் கேட்டு இருந்திருக்கும். நீங்கள்தான் அனுப்பினனீங்கள். இப்ப பாருங்கோ, அறைக் கதவு திறக்குதில்லை." அந்தக் குளிர்காலம் முழுக்க உன் அறைக் கதவு திறக்கவில்லைதான். நான் தேநீரைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவேன். பின்னேரம் வந்து பார்த்தால் ஆறி, ஆடை படர்ந்து, அப்படியே இருக்கும். சில நாள் உள்ளே நீ படுத்திருக்கிறாயா எழும்பி இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் காதைக் கதவில் வைத்துக் கேட்டிருக்கிறேன். வைத்தியரிடம் போகச் சம்மதித்த நாளில் நீ சப்பாத்துக் கயிற்றைக் கட்ட முடியாமல் மாடிப்படியில் இருந்துவிட்டாய். நான் குனிந்து கட்டிவிட்டேன். நீ என் தலையைத் தொட்டாய்.

இப்போது துலூஸில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் உனக்கு வேலை. ஆலங்கட்டி மழை எந்தெந்தக் கூரையை உடைக்கும் என்று கணக்குப் பார்ப்பது. "ஒரு வேலைதானே" என்று நீ சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வேலைதான். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு முன்னால் அதை அந்தக் குரலில் சொல்லாதே. அவர்கள் அதைச் செய்துதான் சாப்பிடுகிறார்கள். சமைத்துச் சாப்பிடு, தனியாக இருக்கிறவர்கள் பாணும் சீஸும் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார்கள். வைத்தியர் தந்த மாத்திரையை, கொஞ்சம் சுகமாக இருக்கிறது என்று நீயாக நிறுத்தாதே. அம்மா தொலைபேசியில் கத்தினால் கத்த விடு. பிரெஞ்சில் திருப்பி வாதாடாதே. அவளுக்குக் கோபத்தை விட அந்தப் பாஷைதான் அதிகம் நோகும். எலொடிக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது இரண்டு வரி எழுது. பதில் வராது. மன்னிப்புக் கேட்டும் எழுதாதே, விளக்கமும் எழுதாதே. சுகம் கேட்டு எழுது. அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை.

மொன்பர்னாஸ் நிலையத்தில் உன்னை ஏற்றிவிட வந்தபோது அம்மா நிலைய வாசலோடு நின்றுவிட்டாள். நான் மட்டும் ரயிலடிக்கு வந்தேன். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினேன். நீ கதவடியில் நின்று, "அப்பா, அண்டைக்கு நீங்கள் 'சொல்லாதை' எண்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டன். அது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாய். தமிழில் கேட்டாய், ஒரு பிரெஞ்சுச் சொல்லும் கலக்காமல். கதவு பூட்டப்போகிற மணி அடித்தது. நான் "கவனமாய்ப் போ" என்று எதையோ சொன்னேன். நீ கண்ணாடிக்குப் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டு போனாய்.

தெரியும், பிள்ளை. அன்றைக்கும் தெரியும். மெத்ரோப் பாலத்தடியில் நீ என்னைப் பார்த்து நின்றபோது, நான் எந்தச் சொல்லைச் சொல்கிறேனோ அதைத்தான் நீ செய்வாய் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அது உனக்கு நல்லதைச் செய்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. உன் வேலை போனது, உன் சிநேகிதி போனாள், அம்மாவின் பேச்சு நின்றது. நல்லதாக ஒன்றும் நடந்ததை நான் இன்னும் காணவில்லை. இருந்தாலும், எலொடி சிரித்துக்கொண்டு தாள்களைக் காட்ட நீ தலையாட்டிக்கொண்டே இருந்த அந்த மேசைக்கு உன்னைத் திரும்ப அனுப்ப என்னால் முடிந்திருக்காது. இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உனக்குக் கோபம் இருந்தால், இருக்க வேண்டும், அதை என்மேல் வை. எலொடியின்மேல் வைக்காதே, உன்மேலும் வைக்காதே. சொன்னது நான்.

அப்பா